புஷ் பண்ணாத வேலை யாருக்குத் தெரியும்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டீம் ஒரே லேப்ல இருக்கிற வரைக்கும், யார் என்ன செய்றாங்கன்னு கேட்கவே வேண்டாம். பக்கத்து ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தா போதும். லீவு விட்டு ஆளுக்கொரு ஊருக்குப் போனதும்தான் சிக்கல் ஆரம்பிக்கும். உங்க டீமுக்கு இன்னும் நடக்கலைன்னா, சந்தோஷம். ஆனாலும் படிச்சு வெச்சுக்கோங்க.

எங்க டீம்ல நாலு பேர். காலேஜ் பஸ் இப்போ எங்கே வருதுன்னு காட்டுற ஆப் செய்றோம். டிசம்பர் லீவுல ஒருத்தன் தென்காசி, ஒருத்தி ஓசூர், ஒருத்தன் நாகப்பட்டினம், நான் ஈரோடு. ஓசூர்க்காரியும் தென்காசிக்காரனும், ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர், ஒரே லாகின் பக்கத்தை மூணு நாள் உட்கார்ந்து எழுதியிருக்காங்க. அவன் முதல்ல புஷ் பண்ணிட்டான். அவளோட கோடு வேண்டாததாப் போச்சு. குரூப்ல "பரவாயில்லப்பா"ன்னு ஒரே வரி போட்டாள். அப்புறம் ரெண்டு நாள் பேச்சே இல்லை. டீமை விட்டே போயிடுவாளோன்னு எங்களுக்குப் பயம் வந்துடுச்சு.

கிட் இருக்கே, அது சொல்லாதான்னு கேட்பீங்க. சொல்லாது. 2005-ல லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதினப்போ, ஒவ்வொரு டெவலப்பரும் முழுக் காப்பியைத் தன் கம்ப்யூட்டர்லயே வெச்சுக்கிட்டு, யாருக்காகவும் காத்திருக்காம வேலை செய்ற மாதிரி அமைச்சார். அதுதான் கிட்டோட பலம். ஆனா அதே காரணத்தால, புஷ் பண்ற வரைக்கும் உங்க கமிட் உங்க லேப்டாப்பைத் தாண்டாது. ஒரே வரியில ரெண்டு பேர் கை வெச்சிருந்தா மெர்ஜ் பண்றப்போ கான்ஃப்ளிக்ட் காட்டும். தனித்தனி ஃபைல்ல ஒரே வேலையைச் செஞ்சிருந்தா அதுவும் காட்டாது.

வாட்ஸ்அப்ல 'ஆன்லைன்'னு வர்றதும் உதவாது. ஆள் இருக்கிறது தெரியும்; என்ன வேலையில இருக்காருன்னு தெரியாது. பால் டூரிஷ், விக்டோரியா பெல்லோட்டி ரெண்டு பேரும் 1992-லயே ஒரு ஆய்வுக் கட்டுரையில இதைப் பேசியிருக்காங்க: மத்தவங்க செய்றது தெரிஞ்சாதான் நம்ம வேலைக்கு ஒரு பொருத்தம் கிடைக்கும்.

அதனால நாங்க மூணு பழக்கம் வெச்சுக்கிட்டோம். ஒரு வேலையைத் தொடுறதுக்கு முன்னாடி, அதுக்கு ஒரு இஷ்யூ திறந்து நம்ம பேரைப் போடணும். பாதி முடிஞ்சிருந்தாலும் அன்னிக்கே தனி ப்ராஞ்ச்ல புஷ் பண்ணி, டிராஃப்ட் புல் ரிக்வெஸ்ட் போடணும். ராத்திரி குரூப்ல மூணு வரி: இன்னிக்கு என்ன செஞ்சேன், நாளைக்கு எதைத் தொடுவேன், எங்கே மாட்டியிருக்கேன்.

மூணாவது வரிதான் கஷ்டம். ஆரம்பத்துல எல்லாரும் இங்கிலீஷ்ல 'வொர்க் இன் ப்ராக்ரஸ்'னு போட்டுத் தப்பிச்சோம். தமிழ்ல எழுத ஆரம்பிச்சதும் உண்மை வந்துடுச்சு. "நாலு மணி நேரமா மேப் வரலடா, மண்டை காயுது"ன்னு நாகப்பட்டினத்துக்காரன் போட்டான். பத்தே நிமிஷத்துல ஓசூர்ல இருந்து பதில்: "கூகுள் கணக்குல பில்லிங் ஆன் பண்ணியா?" ரெண்டு நாள் கழிச்சு அவள் போட்ட முதல் மெசேஜ் அது.

இதை வேவு பார்க்கிறதுன்னு நினைக்காதீங்க. வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போயிட்டு வரேன்"னு சொல்றோம். யாரும் கணக்குக் கேட்கிறதுக்காகவா சொல்றோம்? இன்னிக்கு ராத்திரி உங்க குரூப்லயும் மூணு வரி போட்டுப் பாருங்க.