காற்று போகும் வழி

படகுக்குப் புது எண்ணெய் டேங்க் வைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைத்தான். குமரிக் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு வள்ளங்களை வேடிக்கை பார்த்தே பழகிய எனக்கு, அது இரண்டாவது கேள்வி. டேங்கில் பூட்டும் மூடி, குழாய், கிளிப் எல்லாமே காற்றோடு நாம் செய்துகொள்ளும் உடன்படிக்கை. அது பிசகினால் 50 லிட்டர் இருந்தும் வள்ளம் நடுக்கடலில் நிற்கும்.

மூடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திறக்காமல் கிளம்பினாலும் கரையில் ஒன்றும் தெரியாது. என்ஜின் எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்தை நிரப்பக் காற்று வராமல் டேங்குக்குள் இழுவை கூடும். அலை தாண்டிய பிறகு வேகம் தளரும். எடுத்துப் பார்த்தால் எண்ணெய்க் குழாயின் நடுவே உள்ள ரப்பர் பல்ப் சப்பிக் கிடக்கும். மூடியைத் தளர்த்தினால் 'உஸ்' என்ற சத்தம், அவ்வளவுதான் வைத்தியம். இதற்குப் பயந்து மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுவிடுகிறவர்கள் உண்டு. காற்றுக்கு அது வழிதான். தெறிக்கும் உப்புத்தண்ணீருக்கும் அதுவே வழி. அதற்குப் பதில் காற்றுக்கு ஒரு குழாயை உயரமாக ஏற்றி, கைத்தடிப் பிடிபோல வாயைக் கீழ்நோக்கி வளைத்து வைத்தால் தெறிப்பு உள்ளே போகாது.

அப்படியும் கொஞ்சம் தண்ணீர் சேரத்தான் செய்யும். அது எண்ணெயைவிடக் கனம், அடியில் தங்கும். அதனால்தான் உறிஞ்சு குழாயின் நுனி டேங்கின் அடியைத் தொடாமல் சற்று மேலே நிற்க வேண்டும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மாதிரி அடியில் ஒரு பைப் வைத்தால் என்ன என்று எல்லோருக்கும் ஆசை வரும். வைத்தால் முதலில் வருவது அடியில் தங்கிய தண்ணீரும் கசடும்தான். இணைப்பு விட்டுப்போனால் எண்ணெய் முழுக்க வள்ளத்துக்குள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி, படகில் நிலையாகப் பதித்த பெட்ரோல் டேங்கில் எந்தத் திறப்பும் அதன் மேல்மட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடாது என்கிறது. நம் ஊர் மெக்கானிக்குகளில் விவரமானவர்கள் விதி படிக்காமலே அப்படித்தான் செய்கிறார்கள்.

குழாய் இணைப்பு பெரிய ஏமாற்றுக்காரன். பைப் கசிந்தால் ஒழுகும் என்றுதான் நினைப்போம். என்ஜின் இழுக்கும் பக்கத்தில் ஒழுகாது. வெளிக்காற்று உள்ளே போகும். "காத்து இழுக்குதுண்ணே" என்று மெக்கானிக் தம்பி சொன்னால், வெளியே ஒரு சொட்டுக்கூட ஈரம் இருக்காது. நடுவே கண்ணாடிபோல் தெரியும் டியூப் ஒரு துண்டு மாட்டிப் பார்ப்பார், குமிழி ஓடும். சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுவது கரை சேரத்தான் உதவும். துருப்பிடிக்காத எஃகு கிளிப் இரண்டு போடுவது நல்லது. டெஃப்லான் டேப் பக்கமே போகக்கூடாது என்பது என் கட்சி: பிய்ந்த துணுக்கு போய்க் கார்புரேட்டரில் உட்காரும். ஸ்டார்ட் செய்ய ஊற்றும் பெட்ரோலிலும் இப்போது எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய் அதைத் தாங்குவதில்லை.

இந்தக் குழாய்களுக்குத் துளை போடுவதென்றால் எண்ணெய் படாத புது டேங்கில்தான். பெட்ரோல் இருந்த காலி கேன் நிறைந்த கேனைவிட ஆபத்தானது. உள்ளே நிற்பது ஆவியும் காற்றும் கலந்தது, டிரில்லின் ஒரு பொறி போதும். புது டேங்கிலும் டிரில் நுனியில் கிரீஸ் தடவிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் சுருள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே விழுந்ததைக் கவிழ்த்துத் தட்டி எடுத்துவிட்டு, அப்புறம் மூடியைப் பூட்டலாம்.