ஆட்டம் இல்லாத நாளில் ஆன்ஃபீல்டு

ஆட்டமே இல்லாத நாளில் ஒரு கால்பந்து மைதானத்துக்குப் போய், காசும் கொடுத்து, காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது? லிவர்பூல் போய் வந்த கதையை ஆபீசில் சொன்னபோது இரண்டு பேர் கேட்ட கேள்வி இது. கேட்டவர்களில் ஒருவர் மோகன் பகான், இன்னொருவர் ஈஸ்ட் பெங்கால். கல்கத்தாவில் இந்த இரண்டு பேரும் ஒரே கருத்தைச் சொல்வதே அபூர்வம் என்பதால் பதில் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. (பி.காம். படித்து பேங்கில் உட்கார்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்!) பிரீமியர் லீக்கில் ஒரு அணி சொந்த மைதானத்தில் ஒரு சீசனுக்கு ஆடுவது 19 ஆட்டம். கோப்பை ஆட்டங்களைச் சேர்த்தாலும் முப்பதைத் தொடுவது கஷ்டம். ஆக, இவ்வளவு பெரிய சொத்து வருஷத்தில் 330 நாளுக்கு மேல் சும்மா கிடக்கிறது. புல்லுக்குத் தண்ணீர், விளக்கு, காவல், தேய்மானம் எல்லாம் 365 நாளும் உண்டு. அதனால்தான் பெரிய கிளப்புகள் எல்லாம் மைதானத்தைச் சுற்றிக் காட்டிச் சம்பாதிக்கின்றன. கோடையில் பாட்டுக் கச்சேரி வேறு. 2024 ஜூனில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆன்ஃபீல்டில் மூன்று நாள் பாடினார்.

எங்கள் பையன் ஒன்பதாம் வகுப்பு. லிவர்பூல் பைத்தியம். மான்செஸ்டரில் இருக்கும் அவன் மாமாவோ யுனைடெட் கட்சி. தங்கமணிக்குத் தம்பியைப் பார்க்க வேண்டும், பையனுக்கு ஆன்ஃபீல்டைப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே விமான டிக்கெட் என்று கிளம்பினோம். மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் லிவர்பூல் வந்துவிடுகிறது.

ஆன்ஃபீல்டின் கதையே வாடகைத் தகராறில்தான் ஆரம்பிக்கிறது என்று எனக்கு அங்கே போகும்முன் தெரியாது. 1884ல் இந்த மைதானத்தில் ஆட ஆரம்பித்தது லிவர்பூல் அல்ல, எவர்ட்டன். மைதானத்தின் பொறுப்பில் இருந்தவர் ஜான் ஹோல்டிங் என்ற பீர் ஆலை முதலாளி. வாடகை, நில விலை என்று சண்டை முற்றி 1892ல் எவர்ட்டன் பெட்டி படுக்கையுடன் வெளியேறியது. மைதானம் இருக்கிறது, ஆட ஆள் இல்லை. மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? புதிதாக ஒரு கிளப்பையே ஆரம்பித்துவிட்டார். அதுதான் லிவர்பூல். குடித்தனக்காரர் காலி செய்த வீட்டில் வீட்டுக்காரரே புதுக் குடும்பத்தை உண்டாக்கின கதை!

காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி தருகிறார்கள். மேல் தளத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கி வர வேண்டும். மேலிருந்து பார்த்தால் சுமார் 61,000 இருக்கைகளும் சிவப்பாய் விரிந்து கிடக்கின்றன. அப்புறம் நிருபர்கள் அறை, எதிரணி உடை மாற்றும் அறை, சொந்த அணி அறை, சுரங்க வழி. எதிரணி அறை ரொம்ப எளிமை. நம் அணி அறையில் சட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பையன் ஒவ்வொரு சட்டைக்குக் கீழும் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டான். பின்னால் வரிசை நின்றது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சுரங்க வழியில் மைதானத்துக்கு இறங்கும் இடத்தில் ‘திஸ் இஸ் ஆன்ஃபீல்டு’ என்ற பலகை. டிவியில் பார்த்தபோது பெரிதாகத் தெரிந்தது, நேரில் சின்னதுதான். 1959 முதல் 1974 வரை மேனேஜராக இருந்த பில் ஷாங்க்லி காலத்தில் வைத்தது. நம் ஆட்களுக்கு யாருக்காக ஆடுகிறோம் என்று ஞாபகம் வர வேண்டும், எதிரணிக்கு யாரோடு ஆடுகிறோம் என்று வயிற்றைக் கலக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. 2015ல் வந்த யூர்கன் க்ளாப், ஒரு கோப்பையாவது ஜெயிக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்று தன் ஆட்களுக்குச் சொல்லியிருந்தார். பையன் எதுவும் ஜெயிக்காமலேயே தொட்டுவிட்டான்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்கு ‘காப்’ என்று பெயர். ஸ்பியான் காப் என்பது தென்னாப்பிரிக்காவில், நாட்டாலில் இருக்கும் ஒரு குன்று. 1900 ஜனவரியில் போயர்களோடு நடந்த சண்டையில் அந்தக் குன்றில் நூற்றுக்கணக்கான பிரிட்டிஷ் சிப்பாய்கள் செத்தார்கள். இங்கிலாந்தின் இந்தப் பகுதிப் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் நிறைய. 1906ல் இந்தச் சரிவைக் கட்டியபோது அந்தக் குன்றின் பெயரை வைத்தார்கள்.

“ஏன்ப்பா, தோத்துப் போன இடத்தோட பேரையா வச்சாங்க?” என்றான் பையன்.

“ஜெயிச்ச இடத்தை யார்டா மறப்பாங்க” என்றேன். அவனுக்குப் பிடிபட்டதா தெரியவில்லை.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே குன்றிலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்களில் காந்தியின் இந்திய ஆம்புலன்ஸ் படையும் ஒன்று. சுமார் 1,100 பேர். அதில் பெரும்பாலோர் நாட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள். அப்படி நாட்டாலுக்குப் போனவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழரும் தெலுங்கரும்தான். சனிக்கிழமை தோறும் டிவியில் காதில் விழும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் டோலி சுமந்த நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

இனி, நான் ஆபீசில் சொல்ல முடியாமல் போன விஷயம். வெளியே ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. 97 பெயர்கள், பக்கத்தில் வயது, அணையாத ஒரு விளக்கு. 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும். வெளியே கூட்டம் சேர்ந்ததும் போலீசே ஒரு கதவைத் திறந்துவிட, உள்ளே வந்தவர்கள் ஏற்கெனவே நிறைந்திருந்த கூண்டுகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். முன்னால் இரும்பு வேலி. நசுங்கிச் செத்தார்கள். குழந்தைகளும் உண்டு, கடைசிக் குட்டிக்கு 10 வயது.

கதவை ரசிகர்களே உடைத்துக்கொண்டு வந்ததாக அன்றைக்கே போலீஸ் அதிகாரி பொய் சொன்னார். குடித்துவிட்டு வந்தார்கள் என்று பத்திரிகையில் வந்தது. போலீஸ்காரர்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்தன என்று 2012ல் ஒரு விசாரணைக் குழு கண்டுபிடித்தது. கையெழுத்துப் போட்ட ஆவணத்தைப் பின்னால் திருத்துவது என்றால் என்ன என்று பேங்கில் வேலை பார்ப்பவனுக்கு யாரும் விளக்க வேண்டாம். வயிற்றைப் பிசைந்தது. அது சட்டவிரோதமான கொலை, ரசிகர்கள் மேல் தப்பே இல்லை என்று ஜூரி சொன்னது 2016ல்தான். 27 வருஷம்! அன்று காயம்பட்டு 2021ல் இறந்தவர் 97வது. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. நின்று பார்க்கும் காப் 1994ல் உட்கார்ந்து பார்க்கும் காப் ஆனதும் அந்தச் சாவுகளுக்குப் பின் வந்த விதிகளால்தான்.

சுவர் முன்னால் ஒரு வயதான அம்மா தரையில் கிடந்த மாலையை நேராக்கிக்கொண்டிருந்தார். பையன் தொப்பியைக் கழற்றினான். நான் சொல்லவில்லை.

மறுநாள் மாமாவின் திருப்திக்காக ஓல்டு டிராஃபோர்டு. அங்கேயும் இதே கதைதான். 1941ல் ஜெர்மன் குண்டு விழுந்து, 1949 வரை ஜென்ம எதிரி சிட்டியின் மைதானத்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்திருக்கிறார்கள். சுவரில் 1958 பிப்ரவரி 6 என்று எழுதிய ஒரு கடிகாரம். மியூனிக் விமான விபத்தில் செத்த 23 பேரில் 8 பேர் ஆட்டக்காரர்கள். இரண்டு ஊரும் பரம வைரிகள். ஆனால் வந்தவர்களுக்கு இரண்டு பேரும் கட்டாயம் காட்டுவது கோப்பையையும் செத்தவர்களையும்.

கல்கத்தாவுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். கேலரியில் கலவரம், நெரிசல், 16 பேர் சாவு. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியைக் கால்பந்து ரசிகர் தினம் என்று ரத்ததானம் செய்து நினைவுகூர்கிறார்கள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் நான் அதை ஏதோ ஒரு ரத்ததான முகாம் என்றுதான் கடந்து போயிருக்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் இருவரிடமும் கேட்டேன். இருவருக்கும் தேதி ஞாபகம் இருந்தது. ஒருவரின் அண்ணன் அன்றைக்கு அந்தக் கேலரியில் இருந்தாராம். அதற்கப்புறம் காலி நாற்காலி பற்றி இருவரும் பேசவில்லை. வரும் ஆகஸ்டில் பையனைக் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். ரத்தம் கொடுக்க அவனுக்கு வயசு பத்தாது, எனக்குப் பத்தும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: ஆட்ட நாளில் உள்சுற்று கிடையாது, அட்டவணையைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். புல்லில் கால் வைக்க விடமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. மியூசியத்துக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், ஐரோப்பியக் கோப்பைகள் ஆறும் அங்கேதான். நினைவுச் சுவர் வெளியே இருக்கிறது. அதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம்.