ஸிதானும் மாமாவின் மொபெட்டும்

போன வாரம் ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு என் மகன் மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தான். "அப்பா, இனிமே ஸ்கூட்டர் வேணாமே. எங்க போகணும்னாலும் ஆட்டோ வெச்சுக்கலாம்." எனக்குக் கோபம் வரவில்லை. 2006-ஆம் வருஷம் ஜூன் மாதம் நினைவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு இதே வேலையை இன்னொருவருக்குச் செய்தவன் நான்.

அவர் என் தாய்மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பி வந்த சொல்தா. எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்கள் அப்போது தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். உலகக் கோப்பை வந்துவிட்டால் மாமா வீட்டுக் கூடத்தில் பத்துப் பேராவது கூடிவிடுவோம். எல்லோரும் பிரான்ஸ் கட்சிதான். ஆனால் அந்த வருஷம் கட்சிக்குள்ளேயே சண்டை. காரணம் ஸிதான். (பத்திரிகைகளில் 'ஜிடேன்' என்று போடுகிறார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஸிதான் என்றுதான் வாயில் வருகிறது.)

1998 இறுதி ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராகத் தலையால் இரண்டு கோல் போட்டவர். 2004-இல் நாட்டு அணியிலிருந்து விலகினார். அடுத்த வருஷமே, தகுதிச் சுற்றில் பிரான்ஸ் தடுமாறியபோது திரும்பி வந்தார். 2006 உலகக் கோப்பையோடு ஆட்டத்தையே விட்டுவிடுவேன் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு 34 வயது ஆகப்போகிறது.

முதல் ஆட்டம் சுவிட்சர்லாந்தோடு. கோல் இல்லாமல் முடிந்தது. ஸிதான் நடந்துகொண்டே ஆடியதுபோல எனக்குத் தெரிந்தது. "போனவர் போனபடி இருந்திருக்கணும். இளசுங்களுக்கு வழி விடாம எதுக்கு வந்தார்?" என்று நான் சத்தமாகச் சொன்னேன். என் மைத்துனன், மாமாவின் மகன், ஆமாம் போட்டான். மாமா ஒன்றும் பேசவில்லை. அவருக்கு அப்போது 70 வயது.

இரண்டாவது ஆட்டம் தென்கொரியாவோடு. நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி ஆரம்பித்தது. ஆரம்பத்திலேயே ஹென்றி ஒரு கோல் போட்டார். பிறகு முதல் பாதியிலேயே வியேரா தலையால் முட்டிய பந்தைக் கொரிய கோல்கீப்பர் கோட்டருகே தட்டி வெளியேற்றினார். மறுபடியும் போட்டுக் காட்டியபோது பந்து உள்ளே போய்விட்டது போலத்தான் தெரிந்தது. நடுவர் கோல் தரவில்லை. கடைசியில் 81-ஆவது நிமிடம் கொரியா ஒரு கோல் போட, 1-1 என்று முடிந்தது. ஸிதானுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. ஆட்டம் முடியும் நேரத்தில் அவரை வெளியே அழைத்து மாற்று ஆளை இறக்கினார்கள்.

கூடத்தில் பெரிய வாக்குவாதம். பாதிப் பேர் நடுவரைத் திட்டினார்கள், பாதிப் பேர் ஸிதானை. விதி என்னவோ சுலபமானதுதான். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்ட வேண்டும். கோட்டின் அகலம் அதிகபட்சம் 12 சென்டிமீட்டர், பந்தின் குறுக்களவு சுமார் 22. பந்தின் ஓரம் கோட்டின் மேல் ஒரு நூல் தொங்கினாலும் கோல் இல்லை. அதை நேர்க்கோட்டில் நிற்பவன்தான் சொல்ல முடியும். துணை நடுவரோ ஆஃப்சைடு பார்க்க ஓரமாக ஓடிக்கொண்டே இருக்கிறார். நடுவில் கம்பம் மறைக்கும், ஆள் மறைக்கும். பார்வைக்குக் கிடைப்பது கண் இமைக்கும் நேரம்.

மாமா அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அவர் நின்ன எடத்திலேருந்து அவருக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். நம்ம டி.வி. வேற எடத்திலேருந்து பாக்குது."

அதற்குச் சில நாள் முன்னால்தான் மாமா பெரிய மார்க்கெட் பக்கத்தில் தன் மொபெட்டோடு விழுந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நானும் மைத்துனனும் முடிவு கட்டிவிட்டோம்: வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது, இனி வண்டி கூடாது. மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறோம் என்று பொய் சொல்லி, ஆட்டம் முடிந்த மறுநாளே வண்டியை விற்றோம். எப்படி விழுந்தீர்கள் என்று அவரை நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டோகோவை ஸிதான் இல்லாமலே பிரான்ஸ் 2-0 என்று ஜெயித்தது. அன்று அவருக்கு 34-ஆவது பிறந்தநாள். "பாத்தீங்களா, அவர் இல்லேன்னா நல்லா ஆடறாங்க" என்று மறுபடியும் நான்தான். அடுத்தது ஸ்பெயின். ஸிதானை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று அந்த நாட்டுப் பத்திரிகையிலேயே பேச்சு. 3-1 என்று பிரான்ஸ் ஜெயித்தது. மூன்றாவது கோல் கடைசி நேரத்தில் ஸிதான் போட்டது. பிறகு பிரேசில். அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டத்தை என்ன சொல்வது! அவர் அடித்த ஃப்ரீ கிக்கிலிருந்துதான் ஹென்றியின் கோல். அரையிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக அவர் போட்ட பெனால்டி ஒன்றே போதுமானதாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிரேசில் ஆட்டம் முடிந்த விடியற்காலை மாமா கேட்டார்: "என் வண்டி எப்ப வரும், தம்பி?" விற்றுவிட்டோம் என்று மைத்துனன் சொன்னான். மாமா என்னைப் பார்த்தார். பிறகு டி.வி.யை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஜூலை 9, பெர்லினில் இத்தாலியோடு இறுதி ஆட்டம். 7-ஆவது நிமிடம் பிரான்சுக்குப் பெனால்டி. ஸிதான் பந்தை ஓங்கி அடிக்காமல் மெல்லத் தூக்கி விட்டார். அது குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு, கோட்டுக்கு உள்ளே விழுந்து, மறுபடி வெளியே வந்துவிட்டது. இந்தத் தடவை நடுவர் கோல் கொடுத்தார். மெட்டராஸி சமன் செய்ய, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதில் ஸிதான் தலையால் முட்டிய ஒரு பந்தை புஃபோன் மேலே தட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஸிதான் மெட்டராஸியின் மார்பில் முட்டினார். நடுவர் எலிஸோந்தோ அதைப் பார்க்கவில்லை. நான்காவது நடுவர் சொல்லித்தான் சிவப்பு அட்டை காட்டினார். பிறகு பெனால்டி வரிசையில் த்ரெஸெகே அடித்ததும் குறுக்குக் கம்பத்தில்தான் பட்டது. அது உள்ளே விழவில்லை. 5-3 என்று கோப்பை இத்தாலிக்கு.

கூடத்தில் யாரும் பேசவில்லை. மாமாதான் பேசினார். "கால் போயிடுச்சு, கால் போயிடுச்சுன்னு சொன்னீங்க. கால் கடைசி வரைக்கும் நின்னுது. போனது நிதானம். அது இருபது வயசிலேயும் போகும்." அவர் ஸிதானுக்குப் பரிந்து பேசவில்லை, முட்டியது தப்பு என்றுதான் சொன்னார். ஆனால் எந்தத் தப்பு எதனால் வந்தது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் வயசின் கணக்கில் எழுதக்கூடாது என்பது எனக்குப் புரிந்தது.

சில மாதம் கழித்து மார்க்கெட் வாசலில் கீரை விற்கும் அம்மா என்னிடம் மாமாவை விசாரித்தார். "பாவம், நாய் குறுக்க பாஞ்சிடுச்சு. அய்யா நல்லாத்தான் பிரேக் புடிச்சாரு. வேற யாராவதா இருந்தா நாயும் போயிருக்கும், ஆளும் போயிருப்பாங்க." அந்த அம்மா உட்கார்ந்திருந்தது விழுந்த இடத்துக்கு நேர் எதிரே. நாங்கள் வீட்டிலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள்.

இதை மாமாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளை, நாளை என்று தள்ளிப் போட்டேன். 2011-இல் அவர் போய்விட்டார். 2014-இல் பந்து கோட்டைத் தாண்டியதும் நடுவரின் கைக்கடிகாரத்துக்குச் சொல்லும் கருவி உலகக் கோப்பைக்கு வந்தது. அதை வைத்து முதலில் தீர்மானித்த கோல், ஹோண்டுராஸுக்கு எதிராகப் பிரான்சுக்குக் கிடைத்தது. அந்த இரவு மாமா வீட்டுக் கூடம் பூட்டிக் கிடந்தது. நான் என் வீட்டில் தனியாகப் பார்த்தேன்.

ஆகவே மகனிடம் நான் வாதாடவில்லை. "நாளைக்குக் காலையில என் பின்னாடி உக்காந்து கடற்கரை வரைக்கும் வா. பாத்துட்டு அப்புறம் சொல்லு" என்றேன். வந்தான். மார்க்கெட் நெரிசலில் ஒரு திருப்பத்தில் மட்டும் என் தோளை இறுக்கிப் பிடித்தான். திரும்பி வந்து, "பகல்ல பரவாயில்லப்பா. இருட்டினா வேணாம்" என்றான். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் எனக்குக் கண் கூசுவது உண்மைதான். சரி என்றேன். அடுத்த வருஷம் மறுபடி ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.