ஓட்டும் ஓட்டையும்

கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தபோது, திருவல்லிக்கேணி பாரதி சாலை பிளாட்பாரத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகை வாங்கினேன். என்.எம்.இ. 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' என்பதன் சுருக்கம். லண்டன் சரக்கு. தினசரி மாதிரி மட்டமான காகிதம், புரட்டினால் விரலில் மை ஒட்டும். கடைக்காரர் பத்து ரூபாய் சொன்னார், ஐந்துக்குப் படிந்தது. ஜெயித்த சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து பிரித்தால், உள்ளே ஒரு பக்கத்தில் பெரிதாக ஒரு சதுர ஓட்டை!

யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் பின்னால் இருந்த பேட்டியில் பாதி போய்விட்டது. பாடகர் ஏதோ கோபமாகச் சொல்ல ஆரம்பிக்கிறார், அப்புறம் காற்று. நாலு ரூபாய்க்குக் கேட்டிருக்கலாமே என்று எரிச்சலாக இருந்தது. ஓட்டையைச் சுற்றி மிச்சமிருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது வாசகர் ஓட்டு கூப்பன். இந்த வருஷத்தின் சிறந்த குழு எது, புதுக் குழு எது, ஆல்பம் எது என்று எழுதி, வெட்டி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப வேண்டும். இங்கிலாந்தில் முகம் தெரியாத ஒருத்தன் அல்லது ஒருத்தி அதைச் செய்திருக்கிறார்.

எரிச்சல் போய்விட்டது. அந்த ஓட்டையைத்தான் நான் பத்திரப்படுத்தி வைத்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

இந்தப் பத்திரிகையின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. அக்கார்டியன் வாசிப்பவர்களுக்காக நடந்துகொண்டிருந்த ஒரு நொடித்த பத்திரிகையை 1952-ல் மாரிஸ் கின் என்பவர் ஆயிரம் பவுண்டுக்கு வாங்கிப் பெயரை மாற்றினார். விளம்பரம் பிடிக்க ஏதாவது செய்ய வேண்டுமே? பெர்சி டிக்கின்ஸ் என்ற விளம்பர மேனேஜர் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்கு போன் போட்டு, 'இந்த வாரம் எது ஜாஸ்தி போச்சு?' என்று கேட்டு ஒரு பட்டியல் தயாரித்தார். 1952 நவம்பர் 14-ல் வெளிவந்த அதுதான் பிரிட்டனின் முதல் விற்பனைத் தரவரிசை. தலைப்பு 'முதல் 12'. உள்ளே இருந்ததோ 15 பாட்டு. சம விற்பனை கண்ட பாட்டுகளுக்கு ஒரே இடம் கொடுத்துவிட்டார்! காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். கணக்கு உதைக்கிறது என்பதற்காக அவர் யாரையும் வெட்டவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மறு வருஷமே, 1953-ல், வாசகர் ஓட்டில் ஜெயித்தவர்களை அழைத்து மேடையேற்ற ஆரம்பித்துவிட்டார்கள். 1966 மே 1-ம் தேதி வெம்ப்ளியில் நடந்த நிகழ்ச்சியில் ரோலிங் ஸ்டோன்ஸ், பீட்டில்ஸ் இரண்டு பேரும் இருந்தார்கள். பீட்டில்ஸ் வாசித்தது கால் மணி நேரம், ஐந்து பாட்டு. ஒப்பந்தத் தகராறில் அந்த நேரம் பார்த்து டி.வி. கேமராக்களை அணைத்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கி வந்த பிரிட்டிஷ் ரசிகர்கள் முன்னால் அவர்கள் வாசித்த கடைசிக் கச்சேரி அதுதான் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அப்புறம் வந்ததுதான் இண்டி. நம்மூரில் அந்த வார்த்தையைக் கேட்டால் 'சினிமாப் பாட்டு இல்லை, அவ்வளவுதானே' என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கே சினிமாவுக்கும் பாட்டுக்கும் அப்படியொன்றும் உறவு இல்லை. பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராமல் சின்ன லேபிள்களில், கையில் இருக்கும் காசில் பாடிப் போடுவதுதான் இண்டி. என்.எம்.இ. அந்தப் பையன்களின் பத்திரிகை. 1986-ல் 22 சின்னக் குழுக்களின் பாட்டுகளைத் திரட்டி 'சி86' என்று ஒரு கேசட் போட்டு, தபாலில் வாசகர்களுக்கு விற்றது. நாற்பது வருஷம் ஆகப்போகிறது, இன்றைக்கும் ஒருவகை கிட்டார் இசைக்கே அந்தக் கேசட்டின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பிரிட்டிஷ் இசைத் தொழில்காரர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் பெரிய விருது 'பிரிட்'. அதைக் கிண்டலடித்து 1994-ல் என்.எம்.இ. தன் விருதுக்கு 'பிராட்' என்று பெயர் வைத்தது. அடங்காத பிள்ளை என்று அர்த்தம். பிற்காலத்தில் அவர்கள் கொடுத்த கோப்பை, ஒற்றை விரலை நீட்டிய ஒரு கை. எந்த விரல் என்று குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. ஆள்காட்டி விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இருப்பது. 'மோசமான குழு', 'வருஷத்தின் வில்லன்' என்றெல்லாம் பிரிவுகள் உண்டு. 2005-ல் பிரிட்டனிலேயே அதிகம் விற்ற ஆல்பம் ஜேம்ஸ் பிளன்ட்டுடையது. 2006-ல் என்.எம்.இ. அதற்குக் கொடுத்தது 'மோசமான ஆல்பம்' விருது. நம் ஊரில் ஒரு வெள்ளிவிழாப் படத்துக்கு இப்படிக் கொடுத்துப் பாருங்கள், மறுநாள் ஆபீஸ் கண்ணாடி இருக்குமா!

'கடவுளுக்கு நிகரான மேதை' என்றும் ஒரு விருது. கொஞ்சம் ஓவர்தான். ஆனால் 1994-ல் அதை வாங்கியவர் பாடகர் இல்லை. பி.பி.சி. ரேடியோவில் பாட்டுப் போடும் ஜான் பீல். ஊர் பேர் தெரியாத பையன்கள் அனுப்பும் இசைத்தட்டுகளையும் கேசட்டுகளையும் மூட்டை மூட்டையாக வாங்கி, உட்கார்ந்து கேட்ட மனிதர். வட அயர்லாந்தின் டெர்ரியிலிருந்து 'அண்டர்டோன்ஸ்' என்ற குழு. லண்டன் கம்பெனிகள் திருப்பி அனுப்பிய பையன்கள். பெல்ஃபாஸ்டின் ஒரு சின்ன லேபிள் போட்ட அவர்கள் இசைத்தட்டை பீல் 1978-ல் ஒலிபரப்பினார். முடிந்ததும் அதே பாட்டை இன்னொரு தடவை போட்டார். ரேடியோவில் யாராவது அப்படிச் செய்வார்களா? சில வாரங்களில் பையன்களிடம் ஒரு அமெரிக்கக் கம்பெனி கையெழுத்து வாங்கிவிட்டது.

இதையெல்லாம் தூரத்திலிருந்து வாயைப் பிளந்து படித்துக்கொண்டிருந்த எனக்கே ஒரு விருது வேலை வந்தது, இருபது வருஷத்துக்கு முன்னால்.

நான் அப்போது வேலை பார்த்த பத்திரிகை இப்போது இல்லை. பெயர் வேண்டாம். ஆசிரியர் வாசகர் விருது அறிவித்தார். சினிமாதான் முக்கியம், ஊறுகாய் மாதிரி ஓரத்தில் 'சிறந்த தனி இசை ஆல்பம்' என்று ஒரு பிரிவு. யோசனை என்னுடையது. சிரிக்காதீர்கள், அந்த லண்டன் பத்திரிகையை ஆசிரியரிடம் காட்டித்தான் சம்மதம் வாங்கினேன். "நீ பி.காம்.தானே, நீயே எண்ணிடு" என்றார். வந்த கூப்பன்கள் இரண்டு கோணிப்பை. நானும் ஆபீஸ் பையனும் தரையில் உட்கார்ந்து மூன்று நாள் பிரித்தோம்.

தனி இசைப் பிரிவில் முதலில் வந்தது யாரும் கேள்விப்படாத ஒரு குழு. புறநகர் இன்ஜினீயரிங் காலேஜ் பையன்கள் நாலு பேர், தமிழில் ராக் பாடி, ஹாஸ்டல் கம்ப்யூட்டரிலேயே சி.டி. பதிந்து ஐம்பது ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 214 ஓட்டு. இரண்டாவதாக வந்தவருக்கு 160 சொச்சம். அவருடைய ஆல்பத்துக்கு எங்கள் பின்அட்டையில் இரண்டு வாரம் விளம்பரம் வந்திருந்தது.

ஆசிரியர் கூப்பன் கட்டைப் புரட்டினார். "எல்லாம் ஒரே பின்கோடுப்பா. செட்டப்" என்றார். "தூக்கிடு."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர், என் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனவர். வாசகர் ஓட்டில் மொத்தமாகக் குத்துகிற வேலை நடப்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கூப்பன்களை எண்ணியவன் நான். 214 கையெழுத்து, 214 விதம். சிலது பச்சை இங்க், ஒன்றில் சாம்பார் கறை. ஹாஸ்டலில் ஆளுக்கு ஒரு புத்தகம் காசு கொடுத்து வாங்கி வெட்டியிருக்கிறார்கள். ஹாஸ்டலில் இருப்பவனுக்கு வேறு பின்கோடு எங்கிருந்து வரும்?

எந்தக் குழுவும் முதலில் ஒரே பின்கோடுதானே சார்? ஆர்க்டிக் மங்கீஸ் ஷெஃபீல்டு பையன்கள். கச்சேரிக்கு வந்த உள்ளூர்க் கூட்டத்துக்கு சி.டி.யை இலவசமாகக் கொடுத்தார்கள், அந்தக் கூட்டம் அதை இன்டர்நெட்டில் பரப்பியது. 2006-ல் முதல் ஆல்பம் ஒரே வாரத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் போனது. அந்த வருஷம் என்.எம்.இ. விருதில் சிறந்த புதுக் குழு, சிறந்த பிரிட்டிஷ் குழு இரண்டுமே அவர்களுக்கு. ஒரே வருஷத்தில் இரண்டையும் வாங்கிய முதல் குழு. ஷெஃபீல்டு தபால் முத்திரை ஜாஸ்தியாக இருக்கிறதே என்று ஆரம்பத்திலேயே யாராவது தூக்கியிருந்தால்?

இந்த வாதமெல்லாம் இப்போது வருகிறது. அன்றைக்கு வரவில்லை. "சரி சார்" என்றேன். கட்டைக் கோணிப்பையில் திரும்பப் போட்டேன். அது எடைக்குப் போனது.

ரிசல்ட் வந்த வாரம் அந்தக் குழுவின் பாடகன் ஆபீஸுக்கு வந்தான். ஒல்லியாக, தோளில் கிட்டார் பையோடு. சண்டை போடத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்களுக்கு எத்தனை சார் வந்துச்சு? சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"அவ்வளவா வரலை தம்பி" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனான். படிக்கட்டில் கிட்டார் பை கைப்பிடியில் இடித்த சத்தம் ஒரு தடவை கேட்டது.

1964-ல் மூன்று லட்சத்துக்கு மேல் விற்ற என்.எம்.இ., 2015-ல் பதினைந்தாயிரம் பக்கம் வந்து நின்றது. அந்த செப்டம்பரில் இலவசப் பத்திரிகையாக்கி ரயில்வே ஸ்டேஷன்களில் கொடுத்தார்கள். 2018 மார்ச்சில் வாராந்தர அச்சு நின்றது. 2023-ல் இரண்டு மாதத்துக்கு ஒன்று என அச்சு திரும்பி வந்தது. விரல் விருது அதற்கு நடுவிலும், 2020-லும் 2022-லும், பிரிக்ஸ்டனில் மேடையேறியது. சி.டி.யும் போய்விட்டது. கத்தரிக்கோலும் ஸ்டாம்பும் போய் வெகுநாள் ஆகிறது.

போன வருஷம் ஒரு கல்யாண ரிசப்ஷன். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பை, முன்வழுக்கை. "சார், என்னைத் தெரியுதா?" என்று குழுவின் பெயரைச் சொன்னார். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாராம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மகளிடம், "நாங்ககூட ஒருகாலத்துல அவார்டுக்கு நின்னோம்டா. சாருதான் ஓட்டு எண்ணினாரு. ஒண்ணும் தேறலை" என்று சிரித்தார்.

பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. என்னை எட்டிப் பார்த்து, "எத்தனை ஓட்டு அங்கிள்?" என்றது.

"இருநூத்திப் பதினாலு" என்றேன். "உங்க அப்பாதான் ஃபர்ஸ்ட்."

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். பரிமாறுகிறவர் வந்து, "சார், ரசம்?" என்று கேட்டார். இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை.