காவிரிப் படுகையில் கால்நடையாக – 4: ஏழூரும் எங்கள் மூட்டைகளும்

சென்ற இதழில் கல்லணையோடு நிறுத்தியிருந்தேன். கரிகாலனைப் பற்றியும் காட்டன் துரையைப் பற்றியும் அங்கேயே பக்கம் பக்கமாக எழுதிவிட்டபடியால், அவ்விருவரையும் இனித் தொந்தரவு செய்வதில்லை என்று வாக்களிக்கிறேன். கல்லணைக்கும் திருவையாற்றுக்கும் நடுவில் நடந்ததைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்படியாக ஒன்றுமில்லை. மேட்டூரில் ஜனவரி 28-ஆம் தேதியோடு பாசனத் தண்ணீரை நிறுத்திவிட்டு ஜூன் 12-ஆம் தேதி மறுபடியும் திறப்பது வழக்கமாதலால், சித்திரை மாதத்துக் காவிரி கண்ணைக் கூசவைக்கும் வெறும் மணற்பரப்பாகக் கிடந்தது. கரையோரத்துத் தென்னைகளும் வெயிலும் மாறி மாறி வந்தன. நடந்தோம், அவ்வளவுதான்.

நடக்கும்போது எங்கள் கோஷ்டியில் நிகழ்ந்த சம்பாஷணையோ ஒரு கணமும் வறண்டதில்லை. மலையேறுகிறவர்கள் மூவரை ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் அவர்கள் மலையைப் பற்றிப் பேசுவார்கள் என்று எண்ணியிருந்தேன். அவர்கள் பேசுவதெல்லாம் மூட்டையைப் பற்றித்தான். சென்னையிலிருந்து வந்த கணினி நிறுவன இளைஞர், தம் முதுகுப்பையில் உள்ள ஒவ்வொரு சாமானின் எடையையும் கிராம் கணக்கில் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். சுமை குறையவேண்டும் என்பதற்காகப் பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்துவிட்டு வந்திருந்தார். கோயமுத்தூர் நண்பர் வருஷந்தோறும் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறி இறங்குகிறவர். பூண்டி அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடிக்கு மிஞ்சின கருவி உலகத்திலேயே இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் மாண்ட பிறகு, ஒரு விசிலையும் கைவிளக்கையும் மாத்திரம் அந்தச் சித்தாந்தத்தோடு அவர் சேர்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் மதுரைக் கல்லூரி ஒன்றில் பேராசிரியை. இமயமலைச் சரிவுகளில் நடந்து பழகினவர். கால் கொப்புளத்துக்கு மருந்து, நல்ல காலுறை ஒன்றே என்று தீர்மானமாகச் சொல்கிறவர்.

"தட்டை பூமியில் நடப்பதற்கு இத்தனை ஆயத்தமா?" என்று நான் கேட்டதற்கு, "சார், ஏற்றம் இல்லை என்றால் இறக்கமும் இல்லை, நாள் முழுவதும் அதே தசைதான் வேலை செய்யும்" என்று பேராசிரியை விளக்கினார். மாலைக்குள் அதன் உண்மையை என் கெண்டைக்கால் உறுதிப்படுத்தியது. வனத்துறை 2024-இல் மலையேற்றத்துக்கென்று நாற்பது பாதைகளை வகுத்து முன்பதிவு முறையை ஏற்படுத்தியபோது, தஞ்சை மாவட்டத்துக்கு அதில் ஓரிடமும் கிடைக்கவில்லை. மலையும் காடும் இல்லாத சீமைக்கு யார் கொடுப்பார்கள்? ஆனால், எந்த இலாகாவும் வகுக்காத ஒரு நடைபாதையைத் திருவையாற்றுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் எங்கள் கோஷ்டி இங்கே வந்து சேர்ந்தது.

அதற்கு ஏழூர்த் திருவிழா என்று பெயர். சப்தஸ்தானம் என்றும் சொல்வதுண்டு. சித்திரைப் பெருவிழாவின் முடிவில் ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கிலும், நந்திதேவரும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் எழுந்தருளி, திருவையாற்றிலிருந்து புறப்பட்டுத் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்ற ஆறு ஊர்களையும் வலம்வந்து மறுநாள் திரும்புகிறார்கள். ஒவ்வோர் ஊர் ஸ்வாமியும் தம் பல்லக்கில் ஏறி உடன் வர, கடைசியில் ஏழு பல்லக்குகள் சேர்ந்துவிடுகின்றன. பின்னால் ஜனங்கள் இரவும் பகலும் நடக்கிறார்கள். நந்தியின் கல்யாணத்துக்கு உதவி செய்த ஊர்களுக்கு நன்றி சொல்லப் போகும் பிரயாணம் இது என்பது ஐதிகம். பழனத்திலிருந்து பழம், சோற்றுத்துறையிலிருந்து அன்னம், வேதிகுடியிலிருந்து வேதியர், கண்டியூரிலிருந்து ஆபரணம், பூந்துருத்தியிலிருந்து பூ, நெய்த்தானம் என்னும் தில்லைஸ்தானத்திலிருந்து நெய் என்று ஒரு ஜாபிதாவே இருக்கிறது. சென்னை இளைஞர் அதைக் கேட்டுவிட்டு, "சாமான்களை ஏழு ஊரில் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள், முதுகில் ஒன்றுமே இல்லை!" என்று பொறாமைப்பட்டார்.

திருப்பழனத்தைத் தாண்டிக் காவிரி மணலிலும் குடமுருட்டி மணலிலும் இறங்கி ஏறினபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் பல்லக்கைச் சுமந்து சென்ற சீர்பாதம்தாங்கிகள் அந்த மணலில் வெறுங்காலோடு நடந்தார்கள். தோளில் ஒரு துணிச் சுருணை, அதன்மேல் தண்டு, அவ்வளவே அவர்களுடைய உபகரணம். ஒருவர் காலோடு இன்னொருவர் கால் தப்பாமல் விழுவதைப் பார்த்த கோயமுத்தூர் நண்பர் நெடுநேரம் தம் தடியைப் பற்றிப் பேசவே இல்லை.

சோற்றுத்துறைக்குப் பக்கத்தில் கீற்றுப் போட்ட தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் ஒதுங்கினோம். பானகமும் நீர்மோரும் கேட்காமலே வந்தன. பந்தல் காலில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர், வேட்டியும் தோளில் துண்டும் தவிர வேறெதுவும் இல்லாதவர், எங்கள் மூட்டைகளை வெகுநேரம் உற்றுப்பார்த்துவிட்டு, "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க, இதுக்குள்ள என்னதான் வச்சிருக்கீங்க?" என்று விசாரித்தார்.

மூட்டையைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்குகிறவரிடம் இப்படியொரு கேள்வியா! இளைஞர் கோரைப்பாயில் எல்லாவற்றையும் பரப்பிவிட்டார். முதலில் கூடாரம் வந்தது.

"ராத்திரி இதுல படுத்துக்குவோம் ஐயா."

"எதுக்கு? எங்க ஊர்ல அத்தனை வீட்டுலயும் திண்ணை இருக்கே. கோயில் மண்டபம் இருக்கு."

அடுத்தபடியாகத் தண்ணீர் வடிகட்டும் குழாய்.

"இது எந்த ஆத்துத் தண்ணியையும் அப்படியே குடிக்கிற மாதிரி சுத்தம் பண்ணிடும்."

"முதல்ல ஆத்துல தண்ணியக் காட்டுங்க தம்பி, குடிப்போம்" என்றார் பெரியவர். பந்தல் முழுவதும் சிரித்தது. மோர் ஊற்றுகிறவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

மடக்கும் ஊன்றுகோல்களின் விலையைக் கேட்டதும் அவர் முகம் கடுத்தது. "இந்தக் காசுக்கு ஒரு ஏக்கர் உழவு ஓட்டிப்புடலாமே!" பொட்டலத்தில் இருந்த பலகாரக் கட்டியை முகர்ந்து பார்த்து, கடலை மிட்டாய் என்று தீர்ப்பளித்துத் திருப்பிக் கொடுத்தார். இப்படியே போனால் இளைஞர் மனமுடைந்து ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் நெற்றி விளக்கு வெளியே வந்தது. அதைக் கையில் வாங்கின பெரியவர், தலையில் மாட்டிப் பார்த்தார், அணைத்தார், ஏற்றினார், குரலே மாறிப்போயிற்று.

"தம்பி, இது எங்க கெடைக்கும்?"

ஐப்பசி மழையில் நடுராத்திரி வயலுக்குப் போய் மடையை அடைக்கவும் திறக்கவும் வேண்டியிருக்கும்போது, இரண்டு கையும் மண்வெட்டிக்குப் போய்விட, பேட்டரி விளக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரப்பில் பாம்பு கிடக்கிறதா கயிறு கிடக்கிறதா என்று தெரியாமல் கால் வைத்துக் கழித்த ஆயுளைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் வாயடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். இளைஞர் அந்த விளக்கை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று நீட்டினார். பெரியவர் இரண்டு கைகளாலும் மறுத்துவிட்டார். கடையின் பெயரை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

பேச்சு பிறகு கயிலாயத்துக்குத் தாவிற்று. மானசரோவர் யாத்திரையை 2025-இல் மறுபடியும் ஆரம்பித்திருப்பதாகவும், தமக்கு அங்கே போகும் ஆசை இருப்பதாகவும் பேராசிரியை சொன்னார். பெரியவர் சிரித்தார். "அப்பர் சாமியே போக முடியாம, வடக்க ஒரு குளத்துல முங்கி நம்ம ஐயாத்துக் குளத்துலதான் எந்திரிச்சாரு. கயிலாயம் இங்கயே இருக்கு; நீங்க எதுக்கும்மா அவ்வளவு செலவு பண்ணிக்கிட்டு?"

"கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பு தேய்ந்து, உருண்டு போன பிறகல்லவா ஐயா அவருக்குக் குளம் கிடைத்தது? அந்த நடையை விட்டுவிட்டு நேரே குளத்தில் இறங்கினால் வெறும் ஸ்நானந்தானே?" என்றார் பேராசிரியை. பெரியவர் யோசித்தார். "அது சரி" என்று சொல்லி, இன்னொரு தம்ளர் மோரைத் தம் கையாலேயே அவருக்கு வாங்கிக் கொடுத்தார். திருவாரூர்த் தேர்போல அசையாதவர் என்று நான் எண்ணியிருந்த மனிதர் ஒரு நியாயத்துக்கு இப்படி இளகினதைக் கண்டு மிகவும் சந்தோஷமடைந்தேன்.

வழிநடைக்காரனுக்குச் சோறு போடுவது இந்தச் சீமையில் கோயிலோடு நின்ற தர்மமன்று. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகப் படை, இதே சித்திரை வெயிலில், தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாகச் சுமார் 150 மைல் நடந்து ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தது. தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அன்றைய தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள்போல் இருந்துவிட்டார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள்.

அந்த தர்மத்துக்கு விலக்கும் உண்டு என்பதைக் கண்டியூரை நெருங்கும்போது அறிந்தோம். சாலையோரத்தில் முளைத்திருந்த ஒரு தற்காலிகப் பலகாரக் கடையில் நாங்கள் உட்கார்ந்தபோது இட்லிக்குப் பலகையில் ஒரு விலை இருந்தது. கை கழுவி வரும்போது வேறு விலை இருந்தது. சுண்ணக்கட்டியின் ஈரம்கூடக் காயவில்லை. கேட்டதற்கு, "திருவிழா நேரம் சார்" என்ற பதில் வந்தது. காசைக் கொடுத்துவிட்டு எழுந்தோம். சட்னியில் தேங்காய் இருந்ததற்கான அடையாளம் ஏதும் தென்படவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அதே கண்டியூரில் இளைஞருடைய ஏழாயிரம் ரூபாய்க் காலணியின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த செருப்புத் தைக்கும் தொழிலாளி அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, "பசை போட்டு ஒட்டினது தம்பி; சூட்டுல விட்டுரும். தச்சிருந்தா விடாது" என்று சொல்லி, மெழுகு தடவின நூலால் சுற்றிலும் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். கூலி எண்பது ரூபாய். நூறு ரூபாயாக வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, மீதி இருபதை எண்ணிக் கையில் கொடுத்தார். அடுத்த நாள் முழுவதும் அந்தத் தையல் அசையவில்லை.

திருப்பூந்துருத்திக்குப் போகும்போது இருட்டிவிட்டது. ஞானசம்பந்தரின் சிவிகையை அவர் அறியாமலே அப்பர் தோள்கொடுத்துச் சுமந்தது இந்த ஊர் எல்லையில் என்று பெரியபுராணம் கூறுகிறது. மற்ற நாளாக இருந்தால் அதைக் குறித்து ஒரு பக்கம் எழுதியிருப்பேன். அன்றைக்கு, எண்பது வயதைத் தாண்டினவராகக் கருதப்படும் ஒருவர் பல்லக்கு எப்படிச் சுமந்தார் என்ற ஆச்சரியம் ஒன்றுதான் மனத்தில் நின்றது. என் முதுகிலிருந்ததோ ஒரு சிறிய பை. தில்லைஸ்தானத்துக்கு விடியற்காலையில் போனோம். அங்கே திண்ணையில் தூங்கிவிட்டபடியால் அவ்வூரைப் பற்றிச் சொல்வதற்கில்லை. மறுநாள் திருவையாற்றில் ஏழு பல்லக்குகளும் கூடியிருக்க, பொம்மையொன்று ஸ்வாமிக்குப் பூப்போடும் வைபவத்தைக் கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து, குழந்தைகளின் தலைகளுக்கு நடுவே, பாதி கண்டேன், பாதி கேட்டேன்.

நான் தெளிவாகக் கண்டது வேறொன்று. ஜனங்கள் நடந்துபோன பிறகு ஆற்று மணலில் இறங்கிப் பார்த்தால், பந்தல்தோறும் கொடுத்த காகிதக் கோப்பைகள், பிளாஸ்டிக் உறைகள், தண்ணீர்ப் பாட்டில்கள் ஆகியவை கரையிலிருந்து கரைவரைக்கும் இறைந்து கிடந்தன. ஜூன் மாதத்தில் தண்ணீர் வரும்போது இவையெல்லாம் மிதந்து சென்று வாய்க்கால் தலைப்பிலும் கடைமடை மதகிலும் அடைத்துக்கொள்ளும். அதை எடுப்பதற்கு அந்தப் பெரியவரைப் போன்ற யாரோ இடுப்பளவு நீரில் இறங்கவேண்டியிருக்கும். எங்கள் இளைஞர் தாம் தின்ற பலகாரத்தின் உறைகளைக்கூட ஒரு சிறு பையில் சேர்த்து, அதையும் கிராம் கணக்கில் எடை சொல்லி, முதுகிலேயே சுமந்து வந்தார். வழியில் சிலர் அதற்காக அவரைப் பரிகசித்தார்கள். என் அபிப்பிராயத்தில், கொடுப்பதில் ஏழூர்க்காரர்களை மிஞ்ச யாருமில்லை. விட்டுச்செல்லாமல் இருப்பதில் அந்த இளைஞரிடம் அவர்கள் பாடம் கேட்கவேண்டும்.

அடுத்த கட்டுரை கும்பகோணத்திலிருந்து வரும். அங்கே பேருந்தில் போவதென்று கோஷ்டியில் ஏகமனதாகத் தீர்மானமாகிவிட்டது. வருகிற சித்திரையில் ஏழூருக்கு நடக்க உத்தேசித்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கூடாரமும் ஊன்றுகோலும் வேண்டாம், தைத்த செருப்பு ஒரு ஜோடி, தலைக்குத் துண்டு ஒன்று, இவற்றோடு வீட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் தம்ளரை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தலில் மோர் ஊற்ற வருகிறவரிடம் காகிதக் கோப்பையை மறுத்து, உங்கள் தம்ளரை நீட்டுங்கள்.