கடலும் நேரசூசியும்

ஒரு பாடசாலையின் கலைத்திட்டத்தை அறிய விரும்புகிறவர்கள் பாடநூல்களைப் புரட்டுவார்கள். நான் அதிபரின் அறைச் சுவரில் தொங்கும் நேரசூசியைப் பார்ப்பேன். எந்தப் பாடத்துக்குக் காலை நேரம், எந்தப் பாடத்துக்கு மதிய வெயில், எது வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. திருகோணமலை மாவட்டத்தில் நீண்ட காலம் கற்பித்தவன் என்ற வகையில் எனக்கு வந்த பழக்கம் இது.

நாங்கள் பழகிய கணக்கு எளிமையானது. காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை 6 மணித்தியாலங்கள். 40 நிமிடப் பாடவேளைகள் 8. இடைவேளை 20 நிமிடம், காலைக் கூட்டத்துக்கு 20 நிமிடம். கொழும்பு நகரத்துப் பிள்ளைக்கும் கொட்டியாரக் குடாக்கரைப் பிள்ளைக்கும் ஒரே மணிதான் அடிக்கிறது.

ஆனால் எங்கள் சமூகம் இந்த மணியோடு ஒரு சிறு உடன்பாட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது. மூதூர்ப் பக்கத்தில் நான் கற்பித்த முஸ்லிம் பாடசாலை வெள்ளிக்கிழமை 11.30க்கு மூடப்படும். ஜும்ஆவுக்காக இழந்த 2 மணித்தியாலத்தை மற்ற நான்கு நாட்களிலும் அரை மணி வீதம் கூடுதலாக இருந்து ஈடுசெய்வோம். நோன்பு மாதத்துக்கு விடுமுறை. ஹிஜ்ரி ஆண்டு பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால், எங்கள் தவணைகளும் வருடா வருடம் நகரும். நெகிழ்வான பாடசாலை நேரம் என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவது எங்களுக்குப் புதினம் அல்ல. அதன் நன்மையும் தெரியும், வலியும் தெரியும்.

வலி எதுவென்றால், விடுமுறை நகர்கிறது, பரீட்சை நகர்வதில்லை. 2011இல் உயர்தரப் பரீட்சை ஓகஸ்ட்டில் வந்தது, நோன்பும் அதே மாதத்தில் வந்தது. 2025 மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சையை எங்கள் பிள்ளைகள் நோன்போடு எழுதினார்கள். ஸஹருக்கு எழும்பி, தண்ணீரும் இல்லாமல் மூன்று மணித்தியாலம் விடை எழுதிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முறைப்பாடு செய்வதில்லை. அதனாலேயே அது யாருடைய காதிலும் விழுவதில்லை.

2006 ஓகஸ்ட்டில் மூதூர் இடம்பெயர்ந்தது. கந்தளாயில் அகதிகளாக இருந்தபோது, காலையில் ஊர்ப் பிள்ளைகள் படித்த வகுப்பறைகளில் பின்னேரம் எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தோம். கிடைத்தது மூன்றரை மணித்தியாலம். எட்டுப் பாடவேளைகளை ஐந்தாகச் சுருக்க வேண்டும். எதை விடுவது? கணிதத்தில் யாரும் கை வைக்கவில்லை. முதலில் வெட்டுப்பட்டது சித்திரம், அடுத்தது உடற்கல்வி.

ஷெல் சத்தத்துக்குள்ளால் நடந்து வந்த பிள்ளைகள் அவர்கள். பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு அப்போது தேவைப்பட்டது தசமக் கூட்டலா, ஒரு வெள்ளைத் தாளும் கலர் பென்சிலுமா? எங்களோடு இருந்த ஓர் ஆசிரியை சண்டை பிடித்து வாரத்துக்கு இரண்டு பாடவேளை சித்திரத்தை மீட்டார். பிள்ளைகள் கூடாரத்தை வரையவில்லை. தோணியையும் வலையையும் தங்கள் வீட்டுக் கிணற்றையும் வரைந்தார்கள். நேரம் சுருங்கும்போது எதை வைத்திருக்கிறோம் என்பதுதான் நமது உண்மையான கலைத்திட்டம் என்பதை அங்கே கண்டேன்.

சில வருடங்களின் பின் இலங்கைத்துறைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றம் கிடைத்தது. உல்லைக்கழிக் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம் அது. யுத்தத்தில் பெயர்ந்து மீண்டும் குடியேறிய ஏழை மீனவக் குடும்பங்கள். மாரி முடிந்து கடல் அடங்கினால் கரைவலைக் காலம். அப்போது ஆண் பிள்ளைகளின் வரவு இடாப்பில் வெற்றுக் கட்டங்கள் கூடும். ஒரு தாய் என்னிடம் சொன்னார்:

“சேர், அவன் பள்ளிக்கூடம் வரமாட்டன் எண்டு சொல்லேல்ல. வலை கரைக்கு வந்தாப் பிறகுதான் வருவன் எண்டுறான். நீங்க அதுக்குள்ள கணக்கை முடிச்சுப் போடுறீங்க.”

இதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் சொல்லவில்லை. அந்தப் பாடசாலையின் அதிபர் செய்தது சின்னக் காரியம். கரைவலை மாதங்களில் கணிதத்தை முதல் பாடவேளையிலிருந்து நாலாவதுக்கு நகர்த்தினார். காலையில் வாசிப்பும் தோட்ட வேலையும் வைத்தார். பிந்தி வந்தவன் கணிதத்தையாவது தவறவிடவில்லை. நான் அளவை கற்பிக்கும்போது மீன் நிறுவையையும் பங்கு பிரிப்பையும் உதாரணமாக எடுத்தேன். நேரம் மாறியதும் பாடத்தின் உள்ளடக்கமும் மெல்ல மாறியது. 2013 ஜூலையில் நோன்பு வந்தபோது, கேட்காமலே என் பாடவேளைகளை முற்பகலுக்கு மாற்றியவரும் அவர்தான். “தண்ணி விடாயோட பின்னேரம் கத்தேலாது சேர்” என்றார்.

நமது நாட்டில் இந்த எண்ணம் புதிதல்ல. பதியுதீன் மஹ்மூத் கல்வியமைச்சராக இருந்த காலத்தில், 1972 சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடத்தைக் கொண்டுவந்தது. ஊரின் தொழில் வகுப்பறைக்குள் வரலாம் என்று ஒத்துக்கொண்ட திட்டம் அது. 1977இல் ஆட்சி மாற, அதுவும் போனது. 1999இல் ஆரம்ப வகுப்புகளில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை எனப் பாடங்கள் இணைக்கப்பட்டபோதும் அந்த வாசல் திறந்தது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் போட்டி அதைத் திரும்பச் சாத்தியது.

2020இல் கொரோனா பாடசாலைகளை மூடியது. 2022இல் எரிபொருள் இல்லாமல் வாரத்துக்கு 3 நாள் மட்டும் பாடசாலை நடந்தது. ஆக, நெருக்கடி வந்தால் நேரத்தை வளைக்க நமக்குத் தெரியும். 2025இல் கல்வியமைச்சு 50 நிமிடப் பாடவேளைகளோடு பாடசாலை நேரத்தை 2 மணிவரை நீட்டப்போவதாக அறிவித்தது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. ஆண்டிறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் வந்தபின் அது பின்போடப்பட்டது. அந்த விவாதத்தில் ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை: ஏற்கனவே நான்கு நாட்கள் 2 மணிவரை இருந்து, பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவுக்கும் போகும் பிள்ளையிடமிருந்து இன்னும் அரை மணியை எங்கிருந்து எடுப்பது?

2030இல் ரமழான் இரு தடவை வரும், ஜனவரி ஆரம்பத்திலும் டிசம்பர் இறுதியிலும். முதலாம் தவணையை எப்படித் தொடங்குவது என்பதை அந்த வருடம் பிறந்த பிறகு சுற்றுநிருபம் அனுப்பித் தீர்க்க முடியாது. ஒரு பாடத்துக்கு வருடத்தில் எத்தனை மணித்தியாலம் என்பதைத் தேசிய கல்வி நிறுவகம் சொல்லட்டும். அந்த மணித்தியாலங்கள் எந்த மாதத்தில், எந்த வேளையில் என்பதை அந்தந்தப் பாடசாலையின் அதிபரும் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடித் தீர்மானிக்கட்டும். நோன்பு பிடிக்கும் ஊருக்கும், வலை இழுக்கும் ஊருக்கும், மாசியில் வேளாண்மை வெட்டும் ஊருக்கும் இது பொருந்தும். முஸ்லிம்களுக்கு மட்டும் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் பழகி அறிந்த ஒன்றை எல்லோருக்கும் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.