டேம்பர் போடட்டுமா, தாத்தா?



ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியாரிடம் யாராவது ஒரு சந்தேகம் கேட்டால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. இந்த முறை கேட்டது என் அண்ணன் பேரன். வயது 24. தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை. திருச்செந்தூரிலிருந்து தினமும் போக வர எண்பது கிலோமீட்டர். போன வருஷம் 390 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினான். (எந்தக் கம்பெனி என்று கமெண்டில் கேட்காதீர்கள், வண்டி மேல் ஒரு குறையும் இல்லை.)

"தாத்தா, ஸ்டீயரிங் டேம்பர் ஒண்ணு வாங்கி மாட்டலாம்னு இருக்கேன். அம்மா உங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யச் சொல்லுதா" என்றான். அரை மணி நேரத்தில் அவன் அம்மாவிடமிருந்து தனியாக போன். "மாமா, அதை மாட்டினா இன்னும் வேகமாப் போகலாமாமே? நீங்க வேண்டாம்னு சொல்லிருங்க."

இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் வீட்டிலும் இப்போது இந்த ரக வண்டி நிற்கிறது.

நடந்தது இதுதான். ஆடி மாதம், கச்சான் காற்று. பழையகாயல் தாண்டி உப்பளம் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும் இடம் உங்களுக்குத் தெரியும், காற்றுக்குத் தடுக்க ஒரு பனைகூடக் கிடையாது. பையன் தொண்ணூறில் போயிருக்கிறான். எதிரே வந்த லாரி கடந்ததும் காற்று ஒரு அடி அடித்தது. அதே நேரம் ரோட்டில் ஒட்டுப்போட்ட மேடு. ஹேண்டில்பார் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. மூன்று நான்கு நொடி இருக்கும். அப்புறம் தானாக அடங்கியிருக்கிறது. முள்ளக்காட்டில் டீக்கடையில் நிறுத்தியபோது டம்ளரைப் பிடிக்க முடியவில்லையாம், அவ்வளவு நடுக்கம். வீட்டில் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான்.

இந்த ஆட்டத்தை ஆங்கிலத்தில் வாபிள் என்பார்கள். முற்றிப்போனால் டேங்க் ஸ்லாப்பர். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரை வேகமாகத் தள்ளும்போது முன்னால் ஒரு சின்னச் சக்கரம் மட்டும் படபடவென்று துடிக்குமே, அதுவேதான். அந்தச் சக்கரம் தரையைத் தொடும் இடம், அது திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் தள்ளும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்கிறது. பைக்கின் முன் சக்கரத்துக்கும் அதே ஏற்பாடு. அந்தத் தூரத்துக்கு ட்ரெய்ல் என்று பெயர், ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஏறக்குறைய 9, 10 சென்டிமீட்டர் இருக்கும். வண்டியை நேராக வைத்திருப்பது அதுதான். நேராக்க வந்த சக்கரம் நடுவில் நிற்காமல் மறுபக்கம் தாண்டிப் போனால் ஆட்டம். ஒன்பதாம் வகுப்பில் ஊசல் நடத்தும்போது சொன்னது ஞாபகம் இருக்கும், ஊசல் நடுவில்தான் அதிக வேகத்தில் இருக்கும், அங்கே அதை நிறுத்த ஆளில்லை.

இந்த ஆட்டம் நொடிக்குச் சுமார் 6 முதல் 10 தடவை நடக்கும். எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை போய் வர எட்டில் ஒரு நொடி, அதாவது 0.125 நொடி. மனிதன் ஒன்றைப் பார்த்து, உணர்ந்து, கையை அசைக்கக் குறைந்தது 0.2 நொடி வேண்டும். இடது பக்கம் போகிறதே என்று நீங்கள் வலது பக்கம் இழுப்பதற்குள் அது வலது பக்கம் போய்த் திரும்பி வந்துவிட்டிருக்கும். உங்கள் கை அடக்குகிறதா, தள்ளிவிடுகிறதா என்று உங்களுக்கே தெரியாது. ஊஞ்சலைத் தப்பான நேரத்தில் பிடித்தால் என்ன ஆகும்? அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள், அந்த நேரத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதே, முன் பிரேக்கைப் போட்டு அமுக்காதே, முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் குறை என்கிறார்கள். பயந்தவன் செய்வது நேர் எதிர்.

இங்கேதான் டேம்பர் வருகிறது. ஒரு சின்னக் குழாய், உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், எண்ணெய் புகுந்து போகச் சிறு துளை. ஒரு முனை வண்டியின் சட்டத்தில், மறுமுனை முன் ஃபோர்க்கில். நம் கோயில் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை மெதுவாக அசைத்துப் பாருங்கள், தண்ணீர் விட்டுக்கொடுக்கும். வேகமாக வீசினால் கையைப் பிடித்துக்கொள்ளும். டேம்பரும் அப்படியே. நீங்கள் நிதானமாகத் திருப்பினால் பேசாமல் இருக்கும். ஹேண்டில்பார் படபடக்கும்போது மட்டும் முறைத்துக்கொண்டு அந்த ஆற்றலை எண்ணெயில் சூடாக மாற்றிவிடும். அதற்கு 0.2 நொடி யோசிக்க வேண்டியதில்லை.

இது ஏதோ புதுச் சாமான் என்று இளசுகள் நினைக்க வேண்டாம். திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய கம்பெனியின் பழைய புல்லட்டில், ஹேண்டில்பார் நடுவில் ஒரு பெரிய கறுப்புத் திருகு இருந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அது டேம்பர்தான். திருகினால் உள்ளே தகடுகள் ஒன்றையொன்று அழுத்தும், ஹேண்டில்பார் கனமாகும். பக்கப்பெட்டி மாட்டி ஓட்டுபவர்களுக்கு மெதுவாகப் போகும்போது முன் சக்கரம் துடிக்கும், அதற்கு ரொம்ப உதவி. மற்றவர்கள் அதைத் தொட்டதே இல்லை. உரசல் வகை என்பதால் அதற்கு மெதுவும் வேகமும் ஒன்றுதான், இறுக்கிவிட்டால் சந்தில் திருப்புவதற்கும் முக்க வேண்டும். எண்ணெய் வகை அந்தக் குறையைத்தான் தீர்த்தது.

பெரிய கம்பெனிக்காரர்களும் அவசியம் என்று பட்டால் போடுகிறார்கள். சுசுகி 1997-ல் டிஎல்1000எஸ் என்று ஒரு வண்டி கொண்டுவந்தது. ஹேண்டில்பார் ஆடுகிறது என்று புகார் கிளம்பவே வண்டிகளைத் திரும்ப அழைத்து டேம்பர் மாட்டிக் கொடுத்தது. 1999-ல் வந்த ஹயபுசா தொழிற்சாலையிலிருந்தே டேம்பரோடு வந்தது. ஆனால் அவை ஆயிரம் சிசியும் அதற்கு மேலும். ஆக்ஸிலேட்டரைத் திருகினாலே முன் சக்கரம் தரையில் நிற்கத் தயங்குகிற வண்டிகள். நம் பையன் வண்டிக்கு அவ்வளவு திமிர் கிடையாது.

ஆகவே அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எல, வேகத்தைக் குறைச்சுக்கிட்டு வரும்போது, அம்பது அறுபதுல கையை லேசா விட்டா ஹேண்டில்பார் நடுங்குதா?"

"ஆமா தாத்தா, ரெண்டு மாசமா இருக்கு. ரோடு சரியில்லன்னு நினைச்சேன்."

கணக்கைப் பாருங்கள். அந்த முன் டயரின் சுற்றளவு சுமார் 1.85 மீட்டர். நொடிக்கு எட்டுச் சுற்று என்றால் 14.8 மீட்டர், அதாவது மணிக்கு 53 கிலோமீட்டர். சக்கரத்தில் எடை ஒரு பக்கம் கூடியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டும் ஹேண்டில்பாரின் சொந்த ஆட்டமும் ஒன்றுசேரும் இடம் அந்த ஐம்பது அறுபதுதான். ஒத்ததிர்வு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தீர்களே, அதேதான். நல்ல நிலையில் இருக்கிற வண்டி இதைக் காட்டிக்கொள்ளாது. காட்டுகிறது என்றால் எங்கேயோ தளர்ந்திருக்கிறது. பழையகாயலில் காற்று அந்தத் தளர்ச்சியைத்தான் பிடித்து உலுக்கியிருக்கிறது.

ஆறுமுகநேரியில் தெரிந்த மெக்கானிக்கிடம் அனுப்பினேன். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெல்லத் திருப்பினார். சரியாக நடுவில் வந்ததும் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரிந்தது. கோன்செட் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் கிரீஸ் என்று ஒன்று இல்லை, துரு. நம் கடற்கரையில் இதில் அதிசயம் இல்லை. உப்புக் காற்று, உப்பு லாரி சிந்தும் தண்ணீர், அதோடு வாராவாரம் பிரஷர் தண்ணீரில் வண்டி கழுவும் பாசம். முன் டயரில் காற்று இருக்க வேண்டியதைவிட 8 பவுண்டு குறைவு. ரிம்மில் பேலன்ஸ் எடை ஒன்று கழன்று விழுந்திருந்தது. போதாததற்கு, சீட்டின் பின்முனையில் லேப்டாப்பும் சாப்பாடுமாக ஒரு கனத்த பை. பின்னால் பாரம் கூடினால் முன் சக்கரம் லேசாகிவிடும்.

எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. நடுக்கம் நின்றுவிட்டது.

இந்த நிலையில் முதலிலேயே டேம்பரை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போதும் நடுக்கம் நின்றிருக்கும்! அதுதான் எனக்குப் பயம். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு டைஃபாய்டோடு வேலைக்குப் போவது மாதிரி, துருப்பிடித்த கோன்செட்டோடு ஆறு மாதம் ஓட்டியிருப்பான்.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு ஆட்டம் ஒரு வகை மட்டும் இல்லை. அதிக வேகத்தில் வண்டி முழுவதுமே மீன் நீந்துவது போல, நொடிக்கு இரண்டு மூன்று தடவை மெதுவாக நெளியும். அதற்கு வீவ் என்று பெயர். இங்கிலாந்தில் ராபின் ஷார்ப் என்ற ஆய்வாளர் 1971-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: ஸ்டீயரிங் டேம்பர் வாபிளை அடக்கும், ஆனால் இந்த நெளிவை மோசமாக்கக் கூடும். ஒன்றை இறுக்கினால் இன்னொன்று தளரும். ஆன்லைனில் படம் பார்த்து வாங்கி, எல்லாக் கிளிக்கையும் முழுக்கத் திருகிவைத்துக்கொண்டு பறக்கிற பிள்ளைகளிடம் இதை யார் சொல்வது?

"சரி தாத்தா, இப்போ வண்டி நல்லாயிட்டு. இப்போ போடலாம்லா?" விடுகிற ஆள் இல்லை அவன். இது நியாயமான கேள்விதான்.

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குப் போய் முறையாகப் பயிற்சி எடுக்கிறாயா, தாராளமாகப் போடு என்றேன். அங்கே வளைவிலிருந்து வெளியே வரும்போது முழு ஆக்ஸிலேட்டரில் முன் சக்கரம் லேசாகும், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. திருச்செந்தூர் – தூத்துக்குடி ரோட்டில் அதற்கு வேலை வர வேண்டுமென்றால், வேலையே இல்லாத வேகத்தில் நீ போயிருக்க வேண்டும். தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு இருட்டில் ஓரமாக நடந்து வருகிறவர்களுக்கும், ஆத்தூர்ப் பக்கம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திடீரென்று திரும்பும் மினி லாரிக்கும் டேம்பர் ஒன்றும் செய்யாது. அவன் அம்மாவுக்கும் என் பதில் அதுதான்: அது வண்டியின் வேகத்தைக் கூட்டாது, ஓட்டுகிறவன் தைரியத்தைக் கூட்டும்.

அவன் முழுதாக ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. போனில் அந்தச் சாமானை இன்னும் கார்ட்டில் வைத்திருக்கிறான், பார்த்தேன்.

அப்படியே மாட்டுவதாக இருந்தாலும் இதையாவது கேளுங்கள். உங்கள் வண்டிக்கென்றே செய்த மவுண்ட் இல்லாமல் வாங்காதீர்கள். வெல்டிங் வைத்து ஒட்டுப்போட வேண்டாம். மாட்டியதும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். வண்டியின் சொந்தத் தடுப்பில் போய் முட்ட வேண்டும், டேம்பரின் பிஸ்டன் முட்டி நிற்கக் கூடாது. அப்படி நின்றால் ஒருநாள் சந்தில் திரும்பும்போது பாதியில் ஹேண்டில்பார் பிடித்துக்கொள்ளும். கிளிக்கை ஆகக் குறைவில் வைத்துத் தொடங்குங்கள். எண்ணெய் கசிகிறதா என்று வாரம் ஒருமுறை ராடைத் தடவிப் பாருங்கள், நம் உப்புக் காற்று அதையும் விடாது.

நம் பிள்ளைகளில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் இதைப் படிப்பீர்கள். கடற்கரை வண்டிகளுக்குக் கோன்செட் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பிரித்துக் கிரீஸ் வைக்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். அவனையும் டேக் செய்கிறேன்.